ஊர்ப் பெயரும் ஊர்ப் பிள்ளைகளும்

தூத்துக்குடியின் பெயரைத் தாங்கிய ஒரு கிரிக்கெட் கோஷ்டி 2016ஆம் வருஷத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக் பந்தயத்தின் முதற் கோப்பையையே வென்றது. இறுதி ஆட்டத்தில் சேப்பாக்கம் கோஷ்டியை 122 ஓட்ட வித்தியாசத்தில் முறியடித்த அந்தக் கோஷ்டி 2019க்குப் பிறகு அந்த லீக்கில் காணப்படவில்லை. கொரோனாத் தொற்றினால் 2020இல் பந்தயம் நடைபெறவில்லை. 2021இல் மறுபடியும் கோஷ்டிகள் கூடியபோது ஜாபிதாவில் சேலத்தின் பெயர் இருந்தது. தூத்துக்குடியின் பெயர் இல்லை. பெயர் வந்தபோதும் ஊரை எவரும் கேட்கவில்லை. பெயர் போனபோதும் கேட்கவில்லை. ஊராரும் ஏனென்று கேட்டதாகத் தெரியவில்லை. அந்த மௌனத்தின் காரணத்தைப் பற்றியே இன்று நாம் எழுத விரும்புகிறோம். அதை அறிந்துகொண்டால், இந்தக் கடற்கரைக்கு எத்தகைய லீக் வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

தூத்துக்குடிக்கு மட்டும் நேர்ந்த கதி அன்று இது. 2016இல் எட்டுக் கோஷ்டிகள் எட்டு ஊர்ப் பெயர்களுடன் களத்தில் இறங்கின. சேப்பாக்கம், திண்டுக்கல், காரைக்குடி, கோவை, மதுரை, காஞ்சி, திருவள்ளூர், தூத்துக்குடி என்பன அவை. 2018இல் காஞ்சிப் பெயரைத் தாங்கியிருந்த கோஷ்டி திருச்சிக் கோஷ்டியாயிற்று. திருவள்ளூர்க் கோஷ்டி, அவ்வாறு காலியான காஞ்சிப் பெயரை எடுத்துக்கொண்டது. 2021இல் அந்தக் காஞ்சிப் பெயரும் மறைந்து நெல்லை வந்தது. காரைக்குடிக் கோஷ்டி திருப்பூர்க் கோஷ்டியாக மாறியது. அது 2025இல் கோப்பையையும் வென்றது. முதல் வருஷத்து எட்டுப் பெயர்களில் ஐந்து வருஷத்துக்குள் நான்கு பெயர்கள் இல்லாமற் போயின. காஞ்சிபுரத்து வாலிபன் ஒருவன் தன் ஊர்க் கோஷ்டிக்கு ஜே போட விரும்பியிருந்தால், இரண்டு வருஷம் ஒரு கோஷ்டிக்கும், அடுத்த இரண்டு வருஷம் வேறொரு கோஷ்டிக்கும் போட்டுவிட்டு, பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இதில் சட்ட விரோதம் ஒன்றுமில்லை என்பதை நாம் முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம். அந்த லீக்கில் அங்கத்தினராக இருப்பவை ஊர்கள் அல்ல. பணம் கொடுத்துப் பாத்தியதை பெற்ற சொந்தக்காரர்களே அங்கத்தினர். கோஷ்டி அவர்களுடைய சொத்து. ஊர்ப் பெயர் அச்சொத்தின் மேல் ஒட்டிய சீட்டு. சொத்தைக் கைமாற்றவும் சீட்டை மாற்றி ஒட்டவும் சொந்தக்காரருக்கு உரிமையுண்டு. ஆகவே நாம் எந்தத் தனி மனிதரையும் குறை கூற வரவில்லை. தன் பெயரில் ஒரு கோஷ்டி இருப்பதால் தனக்கு ஒரு கோஷ்டி இருக்கிறது என்று ஊர் நம்பியதே பிசகு என்கிறோம்.

அந்நம்பிக்கை எவ்வளவு ஆதாரமற்றது என்பதற்கு ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்காட்டினால் போதும். 2016 முதல் 2019 வரை நான்கு வருஷங்களிலும் அந்த லீக்கின் ஆட்டங்கள் சென்னையிலும், திண்டுக்கல்லை அடுத்த நத்தத்திலும், திருநெல்வேலியை அடுத்த சங்கர் நகரிலுமே நடந்தன. தூத்துக்குடிக் கோஷ்டி தூத்துக்குடியில் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. துறைமுகத் தொழிலாளியும் உப்பளத்துக் கூலியாளும் தம் ஊர்க் கோஷ்டியைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தார்கள். ஊர் மண்ணை மிதிக்காத கோஷ்டி ஊரைவிட்டுப் போனபோது ஓசையில்லாமல் போனதில் என்ன ஆச்சரியம்?

முத்துச் சலாபத்தை அறிந்த ஊருக்கு இந்த அனுபவம் புதிதன்று. பாரில் சிப்பி முதிர்ந்திருப்பதாகத் தெரிந்தால் சலாபம் கூடும். எங்கெங்கிருந்தோ தோணிகளும் குளிகாரர்களும் வியாபாரிகளும் வந்து சேர்வார்கள். வெறும் மணலில் ஒரு பட்டணமே எழும்பும். சலாபம் கலைந்தால் பட்டணமும் கலைந்துவிடும். தூத்துக்குடியில் கடைசி முத்துச் சலாபம் 1961இல் நடந்தது; பிறகு நடக்கவில்லை. சிப்பியின் சுபாவத்தை இக்கரையார் அறிவார்கள். குஞ்சுச் சிப்பி பாரிலே பற்றி நான்கைந்து வருஷம் தங்கி வளர்ந்தால்தான் முத்துக் குளிப்புக்குப் பிரயோஜனமாகும். விளையாட்டும் அப்படியே. ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளை பத்தாம் வகுப்பை முடிக்கும் வரை ஐந்து வருஷம் தங்கி வளரும் பார் ஒன்று ஊருக்கு வேண்டும். அந்தப் பார் பள்ளிக்கூடமே. பணக்கார லீக் வளர்ந்த சிப்பியை எடுத்துக்கொண்டு போகும் சலாபம். சலாபம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பாரைக் கவனியாமல் சலாபத்தையே நம்பியிருந்தால் கடைசியில் இரண்டும் இல்லாமற் போகும்.

ஒரு லீக் எப்படிப்பட்டது என்பதை அறிய, அதில் யார் ஜெயித்தார் என்று பார்ப்பதைக் காட்டிலும், அதில் அங்கத்தினராவதற்கு யோக்கியதை எது என்று பார்ப்பதே மேல். இதற்கு நமது தேச சரித்திரத்திலேயே பெரிய பாடம் ஒன்று இருக்கிறது. பம்பாயில் ஐரோப்பியரும் பார்ஸிகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆடிவந்த கிரிக்கெட் பந்தயத்தில் 1907இல் ஹிந்துக்கள் சேர்ந்தார்கள். 1912இல் முஸ்லிம்கள் சேர்ந்தார்கள். 1937இல் கிறிஸ்தவர் முதலியோரைக் கொண்ட 'மற்றையோர்' கோஷ்டியும் சேர்ந்தது. இரண்டாயிருந்த அங்கத்தினர் ஐந்தாயினர். வாசல் அகன்றுகொண்டே போயிற்று. ஆனால் வாசலில் கேட்கப்பட்ட கேள்வி கடைசிவரை ஒன்றுதான். 'உன் மதம் என்ன?' என்பதே அது. உள்ளே போன பிறகு ஜாதியும் கேட்கப்பட்டது. ஹிந்துக் கோஷ்டியின் தலைசிறந்த பந்துவீச்சாளராக விளங்கிய பல்வங்கர் பாலு, தாழ்த்தப்பட்ட வகுப்பிற் பிறந்தவர் என்ற காரணத்தால் தலைமைப் பதவியைப் பெறவேயில்லை. அவருடைய தம்பி விட்டலுக்கு 1923இல்தான் அது கிடைத்தது. மைதானம் நிரம்பிய ஜனங்களும், மிகச் சிறந்த ஆட்டமும் அந்தப் பந்தயத்துக்கு இருந்தன. ஆயினும் 1940இல் மகாத்மா காந்தி அதைக் கண்டித்தார். 1946க்குப் பிறகு அது நடைபெறவில்லை. யோக்கியதை பிசகாக இருந்தால் ஆட்டத்தின் சிறப்பு ஒரு ஸ்தாபனத்தைக் காப்பாற்றாது.

மதத்தை யோக்கியதையாக்கிய பந்தயம் மடிந்தது. பணத்தை யோக்கியதையாக்கிய பந்தயத்தில் ஊர்கள் வருவதும் போவதுமாயிருக்கின்றன. பள்ளிக்கூடத்தை அங்கத்தினராகக் கொண்ட பந்தயங்கள் எப்படியிருக்கின்றன? அவற்றைக் காண நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஒரு காலத்தில் தூத்துக்குடியில் மாலையில் கப்பலேறினால் மறுநாள் காலையில் இறங்கக்கூடிய கொழும்பிலே பார்க்கலாம். அங்கே ராயல் கல்லூரியும் பரி. தோமாவின் கல்லூரியும் 1879இல் முதன்முதலாக மோதின. அந்த ஆட்டத்தில் உபாத்தியாயர்களும் சேர்ந்து ஆடினார்கள். 1880 முதல் மாணாக்கர் மாத்திரமே ஆடிவருகிறார்கள். பரி. தோமாவின் கல்லூரி 1918இல் முகத்துவாரத்தைவிட்டுக் கல்கிசைக்கு இடம் மாறியது. பள்ளி இடம் மாறியபோதும் பெயர் மாறவில்லை, பந்தயமும் நிற்கவில்லை. அப்பள்ளியை எவரும் கிரயத்துக்கு வாங்கியதில்லை; ஆகையால் அதன் பெயரை எவரும் கழற்றவில்லை.

யாழ்ப்பாணத்து உதாரணம் இதைவிட நம் நெஞ்சைத் தொடுவது. அங்கே மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் கிரிக்கெட் ஆட்டத்தை 'வடக்கின் பெருஞ்சமர்' என்று அழைக்கிறார்கள். மெய்யான சமர் அந்த மண்ணைச் சின்னாபின்னம் செய்த காலத்தில் சில வருஷங்கள் ஆட்டம் நடக்கவில்லை. கட்டிடங்கள் சேதமுற்றன, குடும்பங்கள் சிதறின. யுத்தம் ஓய்ந்து பல வருஷங்களான இன்றும் அவ்விரு பள்ளிகளும் ஆடுகின்றன. ஊரைவிட்டுப் பல தேசங்களுக்குப் போய்விட்ட பழைய மாணாக்கர்களும் அந்த நாளை மறப்பதில்லை. எந்தச் சொந்தக்காரர் அத்தனை நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு கோஷ்டியை வைத்திருப்பார்? பள்ளிக்கூடம் வைத்திருந்தது, ஏனெனில், அது லாபத்துக்காக ஆடவில்லை.

ஆயினும் இவ்விரண்டையும் அப்படியே பின்பற்ற வேண்டும் என்று நாம் சொல்லமாட்டோம். இரண்டும் இருவர் ஆடும் பந்தயங்கள். மூன்றாவது பள்ளிக்கு அவற்றில் இடமில்லை. நிலைபேறு இருக்கிறது, திறந்த வாசல் இல்லை. தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் வாசல் பணத்துக்குத் திறந்திருக்கிறது, நிலைபேறு இல்லை. நமக்கு இரண்டும் வேண்டும். அங்கத்தினர் நிலைத்திருக்க வேண்டும். புதிய அங்கத்தினர் சேரவும் வேண்டும்.

அதற்கு வேண்டிய மூலதனம் இங்கே ஏற்கெனவே இருக்கிறது. வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் படித்த பரி. சவேரியார் பள்ளியும் கால்டுவெல் பள்ளியும் தூத்துக்குடியில் இன்றும் நடந்துவருகின்றன. 1906இல் அவர் தோற்றுவித்த சுதேசிக் கப்பல் கம்பெனியை அன்னிய ஆட்சியின் பகைமை சில வருஷங்களில் அழித்துவிட்டது. அவர் படித்த பள்ளிகளோ, கம்பெனிக்கு முன்னும் இருந்தன, பின்னும் இருக்கின்றன. ஜில்லாவின் வடமேற்கே கோவில்பட்டியைப் பாருங்கள். 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பை ஹாக்கிப் பந்தயத்தில் வெண்கலம் பெற்ற இந்தியக் கோஷ்டியில் ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் கோவில்பட்டிப் பிள்ளை. அதே கோஷ்டியில் ஆடிய அரியலூர்க் கார்த்தி செல்வமும் கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் பயின்றவர். தீப்பெட்டித் தொழிலுக்குப் பெயர் பெற்ற கரிசற் பூமியில் இது சாத்தியமானதற்குக் காரணம், பள்ளிப் பிள்ளைகள் நாள்தோறும் மட்டையைத் தூக்கிக்கொண்டு திடலுக்குப் போகும் பழக்கம் அவ்வூரில் வேரூன்றியிருப்பதே. அங்கே முடிந்தது கடற்கரையில் முடியாதா?

'பள்ளிகளுக்குத்தான் சர்க்கார் பந்தயங்கள் நடத்துகிறதே' என்று கேட்கலாம். உண்மைதான். குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போட்டிகள் நடக்கின்றன. ஆனால் கோஷ்டி ஆட்டங்களில் தோற்றவர் வெளியேறும் முறையே பெரும்பாலும் வழங்குகிறது. அதன் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். பதினாறு பள்ளிகள் சேர்ந்தால் மொத்தம் 15 ஆட்டங்கள். அவற்றில் 8 பள்ளிகள் ஒரே ஓர் ஆட்டம் ஆடிவிட்டு வீட்டுக்குப் போய்விடும். மைதானமும் பயிற்சியாளரும் உள்ள பெரிய பள்ளி மேலே போகும். மணலில் பழகிய கிராமப் பள்ளி, பஸ்ஸில் வந்து, ஒரு மணி நேரம் ஆடி, தோற்று, அடுத்த வருஷம் வரையில் காத்திருக்கும். ஆட்டம் அதிகம் தேவைப்படுகிறவனுக்குத்தான் ஆட்டம் குறைவாகக் கிடைக்கிறது. அதே பதினாறு பள்ளிகளை நந்நான்காக நான்கு பிரிவுகளாக்கி, ஒரு பிரிவுக்குள் ஒவ்வொருவரும் மற்ற மூவருடனும் ஆடும்படி செய்தால், 24 ஆட்டங்கள் ஆகும். அரையிறுதியும் இறுதியும் சேர்த்து 27. பன்னிரண்டு ஆட்டங்களே அதிகம். ஆனால் எந்தப் பள்ளியும் மூன்று ஆட்டங்களுக்குக் குறையாமல் ஆடிவிடும். முதல் ஆட்டத்தில் செய்த பிழையை இரண்டாவதில் திருத்திக்கொள்ளலாம். அதற்குப் பெயர்தான் கல்வி.

ஆகவே, வேம்பார் முதல் பெரியதாழை வரையுள்ள கடற்கரைப் பள்ளிகளும் துறைமுகப் பட்டணத்துப் பள்ளிகளும் சேர்ந்த ஒரு லீக்கை அமைக்க வேண்டும் என்பது நமது யோசனை. கால்பந்தில் தொடங்கலாம், ஒரு பந்தும் ஒரு திடலும் இருந்தால் அதற்குப் போதும். தருவைக்குளம், பழையகாயல், புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு முதலிய ஊர்களின் பிள்ளைகள், எந்தப் பள்ளியில் படித்தாலும், அந்தப் பள்ளியின் பெயரால் ஆட வேண்டும். அதன் சாசனத்தில் எவ்வளவு ஷரத்துக்கள் இருந்தாலும், நான்கு மாத்திரம் இல்லாமல் இருக்கக்கூடாது.

முதலாவது, அங்கத்தினர் பாத்தியதை பள்ளிக்கே உரியது. அதை விற்கவோ, வாங்கவோ, வேறு பெயருக்கு மாற்றவோ இடமிருக்கலாகாது. பண உதவி செய்யும் கனவான்களின் பெயர் கோப்பையில் இருக்கட்டும். கோஷ்டியின் பெயரில் வேண்டாம்.

இரண்டாவது, சேர விரும்பும் எந்தப் பள்ளிக்கும் இடமுண்டு. சர்க்கார் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி, மிஷன் பள்ளி, தனியார் பள்ளி என்ற வித்தியாசம் வேண்டாம். பதினொரு பேர் தேறாத சிறு பள்ளிகள் இரண்டு, பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், ஒரே கோஷ்டியாகச் சேர்ந்து ஆடலாம். ஒரு பள்ளி ஒரு வருஷம் கோஷ்டி திரட்ட முடியாமற் போனால் அதன் இடம் பறிபோகக்கூடாது. காலியாகக் காத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, பெண் பிள்ளைகளின் பந்தயம் அதே நாளில், அதே திடலில் நடக்க வேண்டும். ஆண்களின் ஆட்டம் முடிந்து பொழுது மிஞ்சினால் நடத்தலாம் என்று வைத்தால், பொழுது மிஞ்சவே மிஞ்சாது என்பதை நாம் அறிவோம்.

நான்காவது, ஒரு பள்ளியிலிருந்து மற்றொரு பள்ளிக்கு மாறும் மாணாக்கன் ஒரு வருஷத்துக்கு லீக்கில் ஆடக்கூடாது. இந்த ஷரத்து இல்லாவிட்டால், பெரிய பள்ளிகள் சின்னப் பள்ளிகளின் நல்ல ஆட்டக்காரர்களைச் சம்பளச் சலுகை காட்டி இழுத்துக்கொள்ளும். பணக்கார லீக்கை முன்வாசலில் தடுத்துவிட்டுப் பின்வாசலில் விட்டதாக முடியும். படிப்புக்காகவோ, குடும்பம் இடம் பெயர்ந்ததாலோ மாறிய பிள்ளைக்கு மட்டும் விலக்குத் தரலாம்.

இதற்கு எழக்கூடிய ஆட்சேபங்கள் நமக்குத் தெரியாமலில்லை. 'தொழில்முறை லீக்கினால் ஜில்லாப் பிள்ளைகள் பிரபலமாகவில்லையா?' என்பார்கள். ஆனார்கள். வாஷிங்டன் சுந்தர் தூத்துக்குடிக் கோஷ்டியில்தான் ஆடினார். சேலத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன் திண்டுக்கல் கோஷ்டியில் ஆடினார். இருவரும் பிறகு இந்தியாவுக்காக ஆடினார்கள். வளர்ந்த திறமைக்கு அந்த லீக் மேடை தந்தது என்பதை மறுப்பது நியாயமன்று. நமது கேள்வி வேறு. தூத்துக்குடியின் பெயர் நான்கு வருஷம் அந்த மேடையில் இருந்தபோது, தூத்துக்குடியில் எத்தனை திடல்கள் புதிதாகச் சமன்செய்யப்பட்டன? எத்தனை பள்ளிகளுக்குப் பந்து கிடைத்தது? அதைச் செய்வது அந்த லீக்கின் வேலையன்று என்றால், அது வேறு யாருடைய வேலை? நம்முடைய வேலைதான்.

'பரீட்சை கெடும்' என்று பெற்றோர்கள் அஞ்சலாம். நாம் கேட்பது பருவத்தில் சில சனிக்கிழமைகள். அதனால் கெடும் படிப்பைவிடத் திடலே இல்லாததால் கெடும் படிப்பு அதிகம். எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ பள்ளியை விட்டுப் படகேறும் பையனையும், உப்பளத்துக்குப் போகும் பெண்ணையும் நினைத்துப் பாருங்கள். வீட்டுக் கஷ்டம் அவர்களை ஒரு பக்கம் இழுக்கிறது. மறுபக்கம் பிடித்து நிறுத்தப் பள்ளியிடம் என்ன இருக்கிறது? வகுப்புக்கு ஒழுங்காக வந்தவன்தான் சனிக்கிழமை ஆட்டத்தில் இறங்கலாம் என்ற ஒரு விதி, எத்தனையோ உபதேசங்கள் செய்யாததைச் செய்யும். எல்லோரையும் அது நிறுத்திவிடும் என்று நாம் சொல்லவில்லை. பத்துப் பேரில் இருவரை நிறுத்தினாலும் அது எந்தக் கோப்பையைக் காட்டிலும் பெரிய வெற்றி.

'பணம்?' என்பது கடைசிக் கேள்வி. பஸ் சத்தம், பந்து, நடுவருக்குச் சிறு ஊதியம், பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு ஆகியவையே பெருஞ்செலவு. ஒரு பெரிய துறைமுகத்தையும், அனல்மின் நிலையத்தையும், உரத் தொழிற்சாலையையும், உப்பு வியாபாரத்தையும், மீன் ஏற்றுமதியையும் வைத்துக்கொண்டிருக்கும் ஊர் இதற்குப் பணமில்லை என்று சொன்னால், கேட்பவர் நகைப்பார்கள். பழைய மாணாக்கர் சங்கங்கள் விழாவுக்கும் விருந்துக்கும் செலவிடுவதில் ஒரு பங்கு போதும். அதைக் கொடுக்க முன்வருவோரிடம் நாம் வேண்டுவது ஒன்றே: கொடுங்கள், கொடுத்ததற்காகப் பெயரை எழுதி வாங்காதீர்கள்.

அடுத்த பள்ளி வருஷம் ஜூன் மாதத்தில் தொடங்கும். அதற்குள் தலைமை உபாத்தியாயர்களும், உடற்பயிற்சி ஆசிரியர்களும், பழைய மாணாக்கர்களும், கடற்கரையூர்களின் பெரியோர்களும் ஓரிடத்தில் கூடி ஒரு கமிட்டியை நியமித்துவிட்டால், அந்த வருஷத்திலேயே எட்டுப் பள்ளிகளுடன் ஆரம்பித்துவிடலாம். பதினாறுக்கு அடுத்த வருஷம் போகலாம். ராஜீய ஊழியம் செய்யும் நண்பர்களுக்கும் இதில் வேலையுண்டு. கூட்டம் கூட்டத் தெரிந்தவர்கள் இதற்கும் ஒரு கூட்டம் கூட்டட்டும். கொடியை வெளியே வைத்துவிட்டு வரட்டும். ஊரின் பெயர் இன்னொருவர் சட்டையில் அச்சாகி வருவதும் போவதும் ஊரின் கையில் இல்லை. ஊர்ப் பிள்ளைகள் ஊர்த் திடலில் ஆடுவது ஊரின் கையில்தான் இருக்கிறது. அதைச் செய்ய எவருடைய அனுமதியும் தேவையில்லை.